அவருடைய புல்தரை

ஜூன் 3

நித்திலா ஊருக்குக் கிளம்பும்போது இந்த டைரியைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். "அப்பாவோட பிரஷரைக் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எழுதி வைம்மா. என்ன சாப்பிட்டார், தூங்கினாரா, எல்லாம் எழுது." பெங்களூர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகப் போன் செய்து எழுதினாயா என்று கேட்டாள். எழுதினேன் என்றேன். இப்போதுதான் எழுதுகிறேன்.

காலை 150/90. ராகிக் கஞ்சி, அரை டம்ளர்.

கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டிருக்கிறது. அதுவும் மகளுடைய ஏற்பாடுதான். படுத்தபடியே அவர் தன் புல்தரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாமாம். பார்த்துக்கொண்டே இருந்தால் சீக்கிரம் தேறிவிடுவாராம். பக்கவாதம் வலது கையையும் காலையும் முடக்கிவிட்டுப் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. "ம்", "டீ", "இல்ல" இந்த மூன்றும்தான் வருகின்றன. கல்யாணம் ஆன நாளிலிருந்து வீட்டில் அவர் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கிறது. இவ்வளவு சத்தம் போடுகிற ஃபேன் என்று தெரியாது.

ஜூன் 4

நேற்றுப்போலத்தான்.

ஜூன் 9

மாரப்பன் வாரத்தில் இரண்டு நாள் வந்து புல் வெட்டிக் களை பிடுங்கிவிட்டுப் போகிறவன். இன்று வந்ததும் வராததுமாக என்னைக் கூப்பிட்டான். புல்தரைக்கு நட்ட நடுவில், ஒரு கூடை மண்ணைக் கவிழ்த்துவிட்டதுபோல மேடு. பக்கத்தில் ஒரு வளை. என் கை முழங்கை வரைக்கும் போகும்.

"பெருக்கானுங்கம்மா" என்றான். பெருச்சாளியை அவன் அப்படித்தான் சொல்வான். "ஒண்ணு வந்துட்டா குடும்பத்தோட வந்துருமுங்க. அடியில பூராச் சுரங்கம் தோண்டிப் போடும். ரெண்டு எலி மருந்துக் கேக்கு வெச்சமுன்னா நாளைக்கே சோலி முடிஞ்சுருமுங்க. அய்யா இருந்திருந்தா இந்நேரம்..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அய்யா இருக்கிறார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இடது கையால் ஊன்றுகோலை எடுத்துக் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் மாரப்பா. பாவம், அதுவும் ஒரு உயிர்தானே" என்றேன்.

உள்ளே போனேன். ஜன்னலைக் காட்டி "ம், ம்" என்றார். "பார்த்தேனுங்க. மண்ணுதான். மழை வந்தாக் கரைஞ்சு போயிரும்" என்று சொல்லிப் போர்வையைச் சரிசெய்தேன். ஊன்றுகோலை எடுத்து மூலையில் சாத்திவைத்தேன். தட்டித் தட்டிக் கட்டில் சட்டத்தில் பெயிண்ட் போகிறது.

மாலை 160/100. ஏன் கூடியது என்று தெரியவில்லை.

ஜூன் 14

வேறு எழுத ஒன்றும் இல்லாததால் இந்தப் புல்தரை வந்த கதையை எழுதுகிறேன்.

ரிட்டையர் ஆன வருஷம் லாரியில் செம்மண் கொண்டுவந்து கொட்டி, கொரியன் புல் வாங்கிப் பதித்தார். பொதுப்பணித்துறையில் அணைக்கட்டு கட்டியவர், அதே மாதிரிதான் இதையும் கட்டினார். மட்டக்கோல் வைத்துப் பார்த்தார். செருப்புக் காலோடு மிதிக்கக் கூடாது. வெறுங்காலோடும் பனி உலருகிறவரைக்கும் மிதிக்கக் கூடாது. வடகம் காயப் போடக் கூடாது. பேரன் வந்தால் பந்தைப் போர்டிகோவிலேயே உருட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர் பாய்ச்சுவது மட்டும் நான் செய்யலாம்.

என் அண்ணன் ஆறுச்சாமி காங்கேயத்திலிருந்து அவன் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தான். நல்ல வெயில் தாழ்ந்த நேரம். போர்டிகோவில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் புல்தரையில் போட்டு உட்கார்ந்தான். அப்போதுதான் தண்ணீர் பாய்ச்சியிருந்தேன், நாற்காலிக் கால்கள் மண்ணுக்குள் இறங்கிவிட்டன. இவர் உள்ளேயிருந்து வந்தார். "அறிவிருக்கா உனக்கு? உங்க மாட்டுத் தொழுவம்னு நெனச்சியா இதை?" அண்ணி நின்றிருந்தாள். கல்யாணப் பெண் நின்றிருந்தாள். அண்ணன் சிரித்துக்கொண்டே எழுந்து, நாற்காலியைத் தானே தூக்கிக் கொண்டுவந்து போட்டுவிட்டு, திரும்பப் போய் அந்த நாலு குழிகளையும் கால் கட்டைவிரலால் அழுத்தி மூடினான். நான் கொண்டுவந்த காப்பியை அவன் குடிக்கவில்லை.

அப்புறம் இந்த வீட்டுக்கு வரவும் இல்லை. போன தை மாதம் தவறிப்போனான். அதற்கென்ன, எல்லாருக்கும் வயசாகிறது.

மாலை 148/90.

ஜூன் 22

தூறல். மூன்று மேடுகள்.

ஜூன் 27

பிசியோ சொல்லிக்கொடுக்க ஷெரின் என்று ஒரு பெண் வருகிறாள். நாகர்கோவில்காரி. கையையும் காலையும் பிடித்து மடக்கி நீட்டுகிறாள், ஓயாமல் பேசுகிறாள். அவளிடம் இவர் முறைப்பதில்லை. இன்றைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அய்யோ, இவ்வளவு அழகான லானை இப்படிக் கெடுத்துப்போட்டிருக்கே" என்றாள்.

"மருந்து வைக்கலாம்னு தோட்டக்காரன் சொல்றான். எனக்கு மனசு வரலை" என்றேன்.

"வைக்காதீங்கம்மா. எங்க பக்கத்து வீட்டுல வச்சாங்க. மருந்து தின்ன எலியை எங்க பூனை தின்னுட்டுது. ரெண்டு நாள் வாயில ரத்தமா வந்து செத்துப்போச்சு. ஆந்தைகூட அப்படித்தான் சாகுமாம்."

இதை இவர் முன்னாலேயே சொன்னாள். "கேட்டீங்களா?" என்று இவரிடம் கேட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

போனில் ஒரு வீடியோவும் பார்த்தேன். வளை தோண்டுகிற பிராணிகள் மண்ணைக் கிளறிக் காற்றோட்டம் கொடுக்கின்றனவாம். மழைத்தண்ணீர் நன்றாக இறங்குமாம். இதையும் இவரிடம் சொன்னேன்.

ஜூலை 2

காலை இட்லி நாலு மிச்சம். சாயங்காலம் பிய்த்து வேலியோரம் போட்டேன், காக்காய்க்கு.

ஜூலை 5

பழைய சோறு, வேலியோரம். மாரப்பன் கேட்டான், "பொழுது சாஞ்சப்பறம் எந்தக் காக்காய்ங்கம்மா வருது?" அவனுக்குப் புல்லைப் பார்க்கச் சொல்லித்தான் சம்பளம். என்னைப் பார்க்கச் சொல்லி இல்லை.

ஜூலை 8

நித்திலா வீடியோ காலில் வந்தாள். அப்பாவைக் காட்டு என்றாள், காட்டினேன். இவர் போனைப் பார்க்காமல் இடது கையை ஜன்னல் பக்கமே நீட்டிக்கொண்டிருந்தார். அங்கே என்ன, காட்டு என்றாள். காட்டினேன்.

"என்னம்மா இது? யாரோ குண்டு போட்ட மாதிரி இருக்கு!"

"பெருச்சாளி. வந்துட்டுப் போகுது, என்ன பண்ண?"

"என்ன பண்ணன்னா? மருந்து வைம்மா. இல்ல ஆள் கூப்பிடு. கம்பெனி கம்பெனியா இருக்காங்க அதுக்குன்னு."

"அந்த மருந்துல ஆந்தை, பூனை எல்லாம் சாகுதாம். ஷெரின் சொன்னா. நமக்கு எதுக்கு அந்தப் பாவம்? ஒரு நிலத்துக்கு நாம மட்டுமா சொந்தம்? அதுங்களுக்கும் பங்கு உண்டுதானே."

நான் பேசியது எனக்கே நன்றாக இருந்தது.

"அம்மா, ஸ்டோர் ரூம்ல எலிக்குட்டி இருந்தப்போ வெந்நீர் ஊத்தினவ நீ. நான் அழுதேன், ஞாபகம் இருக்கா?"

"அது வீட்டுக்குள்ள. இது வெளியில."

"அப்பா முகத்தைப் பாரு, அப்புறம் சொல்லு" என்று வைத்துவிட்டாள். பார்த்தேன். ஷேவ் செய்து மூன்று நாள் ஆகிவிட்டது, செய்துவிட்டேன்.

ஜூலை 15

நேற்று மாரப்பன் என்னைக் கேட்காமல் கூண்டு ஒன்று கொண்டுவந்து வைத்துவிட்டான். நித்திலா அவனுக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். "மருந்தில்லீங்கம்மா, உசுரோட புடிச்சுட்டுப் போயி வாய்க்காத் தாண்டி உட்டர்றனுங்க." அதற்கு என்ன சொல்ல முடியும்?

இன்று விடிந்து பார்த்தால் உள்ளே ஒன்று. பூனை அளவுக்கு இருக்கிறது. முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு கம்பியைக் கடிக்கிறது, மூக்கில் ரத்தம். பார்க்க அருவருப்பாகத்தான் இருந்தது. மாரப்பன் வர ஒன்பது ஆகும். அதுவரைக்கும் அது கம்பியில் அடித்துக்கொண்டு கிடக்க வேண்டுமா என்று தோன்றியது. கூண்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் புல்தரை நடுவில் வைத்துக் கதவைத் தூக்கினேன். ஓர் ஓட்டம் ஓடி அதே வளைக்குள் போய்விட்டது.

ஜன்னலில் இவர் இருந்தார். எழுந்து உட்கார்ந்து கம்பியைப் பிடித்திருந்தார். தானாக எழுந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மாரப்பனிடம், கதவு சரியாக மூடவில்லை, தப்பித்துவிட்டது என்றேன். கூண்டை எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 16

இவருக்குக் காலையிலிருந்து கண்ணில் தண்ணீர் வழிகிறது. இன்ஃபெக்‌ஷனாக இருக்கும். சொட்டு மருந்து விட்டேன்.

140/90.

ஜூலை 29

ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு போர்டிகோ வரைக்கும் நடந்தார். ஷெரின் கைதட்டினாள். வலது காலை இழுத்து இழுத்துத்தான் வைக்கிறார், ஆனாலும் நடைதான். படி ஓரம் நின்று புல்தரையைப் பார்த்தார். இறங்க வேண்டும் என்று காலை நீட்டினார். ஷெரின் தடுத்துவிட்டாள்.

போகும்போது என்னிடம் சொன்னாள். "அம்மா, சாருக்கு நடக்கப் பழக இந்தப் புல்லுதான் நல்ல இடம், விழுந்தாலும் மெத்துன்னு இருக்கும். ஆனா முதல்ல இந்தக் குழிகளை மூடச் சொல்லுங்க. ஒரு கால் உள்ள போச்சுன்னா எலும்பு உடைஞ்சிடும். இந்த வயசுல இடுப்பு உடைஞ்சா எந்திரிக்கிறது ரொம்பக் கஷ்டம். மறந்துடாதீங்க."

மாரப்பனிடம் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. மாரப்பன் ஊருக்குப் போய்விட்டான். இவருக்குப் பிடிக்கும் என்று தேங்காய்ப்பால் செய்தேன். இரண்டு டம்ளர் குடித்தார். குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து "மண்ணு... மண்ணு" என்றார். புது வார்த்தை. "மாரப்பன் வரட்டுமுங்க" என்றேன். கையை விடவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி விடுவித்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 7

மாரப்பன் வந்தான். முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுத்தான். தொட்டியில் பாசி பிடித்திருந்தது, கழுவச் சொன்னேன். ஒட்டடை அடிக்கச் சொன்னேன். வேறு என்னவோ சொல்ல நினைத்தேன், நினைவுக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 11

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். இடுப்பெலும்பு. நாளைக்கு ஆபரேஷன்.

ஆகஸ்ட் 13

ஆபரேஷன் முடிந்தது. பிளேட் வைத்திருக்கிறார்கள். நித்திலா வந்திருக்கிறாள். என்ன நடந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள், அதனால் ஒரு தடவை எழுதிவைக்கிறேன்.

அன்று காலையில் இவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு நான் சமையலறைக்குப் போனேன். குக்கர் வைத்திருந்தேன். மிக்சியில் சட்னி ஓடிக்கொண்டிருந்தது. இவர் தானாக எழுந்து, ஊன்றுகோலோடு போர்டிகோவுக்கு வந்து, படி இறங்கியிருக்கிறார். பூச்செடி வரப்பிலிருந்து ஓர் அரைச் செங்கல்லை எடுத்து, ஊன்றுகோலோடு சேர்த்து இடது கையிலேயே பிடித்திருக்கிறார். அதைக் கொண்டுபோய் வளையை அடைக்க நினைத்திருக்கிறார். அந்த வளைக்கு இரண்டடி முன்னாலேயே தரை உள்வாங்கிவிட்டது. மேலே புல் பச்சையாகத்தான் இருந்தது, அடியில் ஒன்றும் இல்லை. இந்த இடத்துக்கு அடியில் மண் இருக்காது என்று அவர் எப்படி நினைப்பார்? மட்டக்கோல் வைத்துப் பார்த்துக் கட்டியவர். வலது கால் முட்டி வரைக்கும் உள்ளே போயிருந்தது. நான் போனபோது ஊன்றுகோல் எட்டாத தூரத்தில் கிடந்தது. செங்கல்லை மட்டும் இடது கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் புல்தரையில் பாதி தெரியும், மறுபாதி தெரியாது. அவர் விழுந்தது மறுபாதியில் என்று நித்திலாவிடம் சொல்லியிருக்கிறேன்.

"கூப்பிட்டிருப்பாரேம்மா" என்றாள்.

"அவருக்குத்தான் பேச்சு வராதே."

"சட்டை பூரா நனைஞ்சிருந்துதுன்னு ஆம்புலன்ஸ்காரர் சொன்னார். அன்னிக்கு மழைகூட இல்ல, வெறும் தூறல்."

தூறலிலும் நனையும் என்றேன்.

ஆகஸ்ட் 19

ஆஸ்பத்திரி வராண்டாவில் வைத்துச் சண்டை. இத்தனை பேர் நடுவில் கத்த வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை.

"ரெண்டு கூடை மண்ணும்மா! குழியை மூட ரெண்டு கூடை மண்ணு! கொல்ல வேண்டாம்னா கொல்லாதே, நான் ஒத்துக்கிறேன். மண்ணைப் போட்டு மூடுறதுல எந்த உயிர் போகுது?"

"மூடினா மறுநாளே தோண்டும். மாரப்பன்கிட்ட கேளு."

"கேட்டேன். நீ அவர்கிட்ட குழியைப் பத்திச் சொல்லவே இல்லையாம். ஒட்டடை அடிக்கச் சொன்னியாம்."

எனக்கு ஆயிரம் வேலை. குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றி, இரண்டரை மாதமாக ஓர் ஆளாகப் பார்த்துக்கொண்டது யார்? பெங்களூரிலிருந்து வாரம் ஒரு தடவை வீடியோவில் முகம் காட்டுவது எளிது. அதைச் சொன்னேன். அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். கொஞ்சம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்பா உன்னை எப்படி வச்சிருந்தார்னு எனக்கு மட்டும் தெரியாதா? அதுக்காக..." என்று ஆரம்பித்தாள். நர்ஸ் பில்லோடு வந்துவிட்டாள், எழுந்து போனேன்.

செப்டம்பர் 6

வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். நித்திலா நேற்றுக் கிளம்பினாள். என்னிடம் சொல்லிக்கொண்டாள், காலைத் தொட்டு வணங்கவில்லை. எப்போதும் வணங்குவாள்.

கட்டிலைச் சமையலறையை ஒட்டிய அறைக்கு மாற்றிவிட்டேன். கழிவறை பக்கத்தில் இருக்கிறது, கூப்பிட்டால் எனக்கும் கேட்கும். அங்கே ஜன்னல் கிடையாது. பின்கட்டுக் கதவு மட்டும் தெரியும். இனி நடக்க மாட்டார் என்று டாக்டர் நேராகச் சொல்லவில்லை, பார்க்கலாம் என்றார்.

மாரப்பன் புல் வெட்டட்டுமா என்றான். எதை வெட்டுவாய் என்றேன்.

செப்டம்பர் 18

ஷெரின் வந்தாள். முன்போலப் பேசுவதில்லை. கையை மட்டும் மடக்கி நீட்டிவிட்டு, பேச்சுப் பயிற்சிக்கு "அம்மா சொல்லுங்க, தண்ணி சொல்லுங்க" என்கிறாள். இவர் வாயைத் திறப்பதே இல்லை. "ம்"கூட நின்றுவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு அப்படி ஆகுமாம்.

அக்டோபர் 2

130/80. இவ்வளவு நன்றாக எப்போதும் இருந்ததில்லை.

அக்டோபர் 16

நாலு நாளாக மழை விடவில்லை. புல்தரை குளம்போல நிற்கிறது. வளைகளில் தண்ணீர் இறங்கவில்லை, வழிந்து வெளியே வருகிறது. மண்ணுக்கு நல்லது என்று சொன்ன வீடியோக்காரன் வந்து பார்க்க வேண்டும்.

அக்டோபர் 17

காலையில் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தேன். அரிசி மூட்டையின் அடியைக் கிழித்துத் தரை முழுக்க இறைத்துப் போட்டிருக்கிறது. கருப்பட்டி டப்பா மூடி தனியாகக் கிடக்கிறது. வாஷிங் மெஷின் டியூபைக் கடித்துவிட்டிருக்கிறது, தண்ணீர் ஓடிச் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. சின்க் அடியில் கழிவுநீர்க் குழாய் போகிற ஓட்டையைப் பெரிதாக்கி, அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று அலமாரிக்கு அடியிலிருந்து என் பாதத்தின் மேலேயே ஏறி ஓடியது. ஈரமாக, கனமாக. டெட்டால் போட்டு மூன்று தடவை கால் கழுவினேன். இன்னும் அந்த இடம் கூசுகிறது.

மாரப்பனுக்குப் போன் செய்தேன். மழையாக இருக்கிறதே, நாளைக்கு வரட்டுமா என்றான். "இப்பவே வா. வரும்போது மருந்து வாங்கிட்டு வா. எத்தனை கிடைக்குதோ அத்தனையும்."

"கூண்டு வெக்கட்டுங்களா?"

"மருந்துன்னேன்."

நனைந்துகொண்டே வந்தான். ஸ்டோர் ரூம், சின்க் அடி, பின்கட்டு, எல்லா இடத்திலும் கேக்கைப் பிட்டுப் பிட்டு வைத்தான். வெளியிலும் வை என்றேன். மேடான இடத்திலிருந்த வளைகள் எல்லாவற்றிலும் வைத்தான்.

அக்டோபர் 20

வாசனை ஆரம்பித்துவிட்டது. மாரப்பன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தான். ஸ்டோர் ரூமில் இரண்டு, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒன்று. அது தாய் போலிருக்கிறது, பக்கத்தில் குட்டிகள் கிடந்தன. நான் கதவோரம் நின்று, அங்கே பார், இங்கே பார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேலியோரம் பக்கத்து வீட்டுப் பூனையும் கிடந்ததாம். அவர்களிடம் சொல்லாதே, அதையும் சேர்த்துப் புதைத்துவிடு என்றேன்.

மண்வாரியில் அள்ளிப் பின்கட்டு வழியாகத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. இவர் கட்டிலைத் தாண்டித்தான் வழி. மாரப்பன் மேலே சாக்கைப் போட்டு மூடியிருந்தான். ஆனாலும் வால் தொங்கிக்கொண்டு போயிற்று. இவர் தலையைத் திருப்பி, மாரப்பன் கதவைத் தாண்டுகிறவரைக்கும் பார்த்தார். திரும்ப வந்து அடுத்ததை எடுத்துப் போனபோதும் பார்த்தார். எல்லாம் முடிந்து நான் ஃபினாயில் ஊற்றித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இப்போ... மட்டும்?"

முதலில் மாரப்பன்தான் என்னவோ கேட்கிறான் என்று நினைத்தேன். அவன் வெளியே குழி தோண்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தேன். இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குப் பழக்கம்தான். கோபம் இல்லை.

"தண்ணி வேணுமுங்களா?" என்று கேட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டார். நான் துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தேன்.

பக்கவாதம் வந்ததிலிருந்து இரண்டு வார்த்தை சேர்ந்து, இவ்வளவு திருத்தமாக வந்தது இதுதான் முதல் தடவை. நாளைக்கு ஷெரின் வருவாள். சொன்னால் துள்ளிக் குதிப்பாள். அப்படி என்னம்மா சொன்னார் என்று கேட்பாள்.

சொல்லப்போவதில்லை.